உழைப்புக்கு ஓர் உபயம்

பாசிக்குடாவில் கணினி தெரிந்தவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஹோட்டல் வேலை. போர் முடிந்தபின் வளைகுடாவைச் சுற்றி வரிசையாக எழும்பிய ஹோட்டல்களில் முன்பதிவுத் தளம், பில் போடும் மென்பொருள், வைஃபை, கமரா என்று ஏதாவது ஒன்று பழுதாகிக்கொண்டே இருக்கும். கிழக்குக் கரைக்குச் சித்திரை முதல் புரட்டாதி வரை சீசன். அந்த மாதங்களில் உழைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, ஐப்பசியில் மழை தொடங்கியதும் எனக்கு விருப்பமான வேலைக்குத் திரும்புவேன். ஒன்று, நான் எழுதிப் பொதுவில் விட்டிருக்கிற ஒரு திறந்த மூல நிரல். மற்றது, தமிழில் பைதன் பாடங்கள். தொடக்கத்தில் இரண்டுக்கும் யாரும் காசு தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஹோட்டல்காரர் கொடுத்த கூலிதான் அவற்றையும் தாங்கியது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அந்த வாரமே பாசிக்குடாவில் அறைகள் வெறிச்சோடின. அடுத்த ஆண்டு கொரோனா. அது ஓய்ந்து இரண்டொரு வெள்ளைக்காரர் தலைகாட்டத் தொடங்கிய வேளையில் 2022 நெருக்கடி: டீசல் இல்லை, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, 200 ரூபாய்க்குச் சற்று மேலே நின்ற டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. ஹோட்டல் வேலை நின்றுபோனதும் என் நிரலும் பாடங்களும் எந்தக் காசில் நடந்தன என்பது வெட்டவெளிச்சமாகியது. இலவசம் என்று நான் கொடுத்துக்கொண்டிருந்ததற்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த நிரல் என்ன என்று சொன்னால்தான் பிறகு நான் காசு கேட்ட கதை விளங்கும்.

வடக்கு கிழக்கில் பழைய ஆவணங்கள் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. கோவில் மலர்கள், பாடசாலை ஆண்டிதழ்கள், பிரதேச செயலக அறிக்கைகள், பல்கலைக்கழக ஆய்வேடுகள், அச்சகங்களின் கோப்புகள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துரு. கணினிக்கு அது தமிழே அல்ல. அதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றாவிட்டால் தேடவும் முடியாது, பார்வையற்றவர்களுக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளுக்குக் கொடுக்கவும் முடியாது. அப்படி மாற்றித் தருவதுதான் என் நிரலின் வேலை.

மாற்றுவது வெறும் அட்டவணை வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். பாமினியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும், ஒருங்குறியில் பின்னால். ஒகரம் பாமினியில் இரு பக்கமும் பிரிந்து நிற்கும். ஒருங்குறியில் அது ஒரே குறி. எல்லாவற்றிலும் மோசமானது ஔகாரம். அதன் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே விசை. அதனால் அவசரமாக எழுதிய மாற்றி 'வெளியீடு' என்பதில் இருக்கிற கொம்பையும் ளகரத்தையும் ஔகாரம் என்று எடுத்து 'வௌியீடு' ஆக்கிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் லேசில் தெரியாது. ஆனால் தேடினால் அந்தச் சொல் அகப்படாது. இலங்கையின் தமிழ்த் தளங்களில் இந்தப் பிழை நிறைந்து கிடக்கிறது. ளகரத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரம்தான் என்று பார்க்க ஒரு விதி வேண்டும். அந்த விதிக்கு விலக்குகள் வேண்டும். இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் வந்தால் அதைத் தமிழாக்கிவிடாமல் எழுத்துருத் தகவலைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அச்சகமும் தன் வசதிக்குத் திருத்திய பாமினி ஒன்றை வைத்திருப்பதால் இந்த வேலைக்கு முடிவே கிடையாது. பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்படிப்பட்ட வேலைக்குக் காசு கேட்பதில் உள்ள சங்கடம், அது சரியாக நடக்கும்போது யார் கண்ணிலும் படாது என்பது. 2014இல் உலகமே இதைப் பார்த்தது. இணையத்தின் பெரும்பகுதியைப் பூட்டிக் காத்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல நிரலில் ஹார்ட்பிளீட் எனும் ஓட்டை வெளிப்பட்டது. விசாரித்தால், அந்தத் திட்டத்துக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை 2,000 டொலர் அளவுதான். முழுநேரமாக அதில் இருந்தவர் ஒரே ஒருவர். வங்கிகளும் பெருநிறுவனங்களும் அதன் மேல்தான் வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தன. ஓட்டை தெரிந்த பிறகே லினக்ஸ் பவுண்டேசன் பெரிய நிறுவனங்களிடம் காசு திரட்டி இப்படியான நிரல்களுக்கென ஒரு நிதியை ஏற்படுத்தியது. அதன்பிறகும் நிலைமை அவ்வளவாக மாறவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் எனும் கோப்புச் சுருக்க நிரலுக்குள் யாரோ கள்ளவாசல் வைத்தது பிடிபட்டது. களைத்துப்போயிருந்த தனிப் பராமரிப்பாளர் ஒருவரிடம் உதவிக்காரனாக வந்து சேர்ந்து, அவருடைய நம்பிக்கையைப் பெற்ற பிறகு செய்த வேலை அது. தனியாளின் களைப்பு எல்லாரையும் பாதிக்கும் விடயம் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

பாடங்களின் நிலைமை வேறு. உயர்தர ஐசிடி பாடத்திட்டத்தில் பைதன் இருக்கிறது. தமிழ் மூலம் படிக்கிற பிள்ளைக்கு வழிகாட்டி ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது சொல்லுக்குச் சொல் பெயர்த்த குறிப்பாக இருக்கும். நான் பாசிக்குடாவில் இருந்துகொண்டு, படகு எண்ணெய்க் கணக்கு, மீன் நிறுவைக் கணக்கு, ஹோட்டல் அறைக் கணக்கு என்று இங்கத்தைப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவற்றை வைத்துப் பாடம் எழுதினேன். வாழைச்சேனை, ஓட்டமாவடி, கிரான், சித்தாண்டிப் பிள்ளைகள் வாசித்தார்கள். பிறகு மன்னாரிலிருந்தும் மலையகத்திலிருந்தும் "சேர், இந்த வரியில எரர் வருது" என்று செய்தி வரத் தொடங்கியது. நிரலைப் பயன்படுத்துகிறவன் முகம் தெரியாதவன். பாடம் வாசித்தவனுக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, படித்தேன் என்ற நினைவு உண்டு. எனக்கு வந்த முதல் காசு பாடத்துக்குத்தான் வந்தது. நிரல் எழுதுகிற இளையவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டால் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் நிரலோடு ஒரு பாடத்தையும் எழுதுங்கள். காசு பாடத்தின் வழியே வந்து நிரலைத் தாங்கும்.

ஆனால் காசு வருவதற்கு வழி வேண்டும். தர மனமுள்ளவர் இல்லாததைவிட வழி இல்லாததே எனக்குப் பெரிய தடையாக இருந்தது. இலங்கையில் பேபால் கணக்கால் காசு அனுப்பலாம், வாங்க முடியாது. ஸ்ட்ரைப் கணக்கு இங்கே திறக்க முடியாது. உலகத்தில் இருக்கிற 'ஆதரவு தாருங்கள்' பொத்தான்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் மேல்தான் நிற்கின்றன. சுவிஸிலோ லண்டனிலோ இருக்கிற ஒருவர் மாதம் ஐந்து டொலர் தர நினைத்தாலும் அதை நேரே வங்கிக்கு அனுப்பினால் இடையில் நிற்கிற வங்கிகளின் கட்டணமே அதை விழுங்கிவிடும்.

வங்கியில் இன்னொரு பிரச்சினை. வெளிநாட்டிலிருந்து சிறுசிறு தொகையாகப் பலரிடமிருந்து 'நன்கொடை' என்று காசு வந்தால், எங்கள் மாவட்டத்தில் அதற்குக் கேள்வி உண்டு. யார் இவர்கள், என்ன அமைப்பு, எந்தப் பதிவு? கேட்கிற அதிகாரியைக் குறைசொல்ல மாட்டேன். இந்த மண்ணின் வரலாறு அப்படி. நான் கொண்டுபோய்க் கொடுத்த விளக்கம் இதுதான்: இது தருமக் காசு அல்ல, மென்பொருள் பராமரிப்புக்கும் பாடம் தயாரிப்புக்கும் தருகிற கூலி. இதோ வேலை, இதோ பற்றுச்சீட்டு. அப்படி எழுதிக் கொடுத்த நாளிலிருந்து வங்கியில் சிக்கல் தீர்ந்தது. அதைவிட முக்கியம், எனக்கே என் வேலையைப் பற்றிய நினைப்பு தெளிந்தது.

இன்று எனக்குப் பயன்படுகிற வழி, கணக்கைத் தன் பெயரில் வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டு அமைப்பின் கீழ் திட்டத்தைப் பதிவுசெய்வது. ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் அப்படியான ஒன்று. தருபவர் அங்கே தருவார். அமைப்பு பத்து வீதத்தை நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். நான் செய்த வேலைக்கான பற்றுச்சீட்டை ஏற்றினால் மொத்தமாக வைஸ் எனும் பணமாற்றுச் சேவை வழியே ரூபாயில் என் கணக்குக்கு வரும். யார் எவ்வளவு தந்தார், நான் எதற்கு எவ்வளவு எடுத்தேன் என்பது எல்லாருக்கும் தெரியும்படி அங்கேயே இருக்கும். பத்து வீதம் கூடுதல் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்தும் பத்துமாக வரும் காசை வீணாகாமல் சேர்த்துத் தருவதற்கும், பகிரங்கக் கணக்கு வைப்பதற்கும் அது நியாயமான கூலி. 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் வருமானத்துக்கும் வரி வந்துவிட்டது, உச்சம் 15 வீதம். ஆகவே கணக்கு ஒழுங்காக இருப்பது எங்களுக்கே பாதுகாப்பு.

உள்ளூர்க் காசையும் மறக்கக்கூடாது. என் பாடங்களில் பைதன் பழகி இப்போது கொழும்பில் வேலை பார்க்கிற பிள்ளைகள் சிலர் மாதாமாதம் சிறு தொகையை வங்கிக்கு மாற்றிவிடுகிறார்கள். ஒரு சதமும் குறையாமல் கைக்கு வருகிற காசு அது. டொலரைப் பார்த்துக்கொண்டு ரூபாயைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

நிதியங்களிடம் கேட்பது தனிக் கலை. ஒரு நிதியத்துக்குப் பாமினி மாற்றியைப் பற்றி விண்ணப்பித்தேன். புதிதாக எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. பராமரிப்பில் புதுமை கிடையாது. கூரையை ஆண்டுதோறும் வேய்வதில் என்ன புதுமை இருக்கிறது? வேயாவிட்டால் மாரியில் ஒழுகும், அவ்வளவுதான். பெரும்பாலான நிதியங்கள் புது வீடு கட்டத் தருகின்றன, கூரை வேயத் தருவதில்லை. 2022இல் ஜெர்மனி அரசு ஏற்படுத்திய சாவரின் டெக் பண்ட் பராமரிப்புக்கென்றே காசு தருகிறது. இப்படியானவை இன்னும் குறைவு. நெதர்லாந்தின் என்எல்நெட் 5,000 யூரோ முதல் 50,000 யூரோ வரை தனியாட்களுக்கும் தருகிறது. விண்ணப்பம் சுருக்கமானது. ஆனால் வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியும் முடிந்த பிறகே காசு. சேமிப்பு இல்லாதவனுக்கு அந்த இடைக்காலம் கஷ்டம். ஆனாலும் அந்தப் படிமுறை எனக்கு நன்மை செய்தது. 'தமிழுக்குச் சேவை' என்று எழுதினால் யாரும் ஒரு சதம் தரமாட்டார்கள். 'எழுத்துரு கலந்த கோப்புகளை மாற்றும் பகுதி, சோதனைக் கோப்புகளுடன், இத்தனை மணித்தியாலம், மணிக்கு இவ்வளவு' என்று எழுதினால் வாசிப்பார்கள்.

மணிக்கு இவ்வளவு என்று எழுதக் கை கூசும். எங்கள் ஊரில் படித்தவன் கூலி பேசுவது மரியாதைக் குறைவு என்று ஒரு நினைப்பு. அதை விட வேண்டும். கூகுள் 2005இல் தொடங்கிய சமர் ஆப் கோட் திட்டத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல ஆண்டுகள் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். திறந்த மூலத்துக்கு இலங்கை இவ்வளவு பேரைக் கொடுத்ததற்கு ஒரு காரணம், அந்த வேலைக்குக் காசு இருந்தது. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் அதில் சேரலாம். வந்தாறுமூலை வளாகப் பிள்ளைகளிடம் இதை ஒவ்வொரு ஆண்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கரைக்கு நெருக்கமான இன்னொரு கதையும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை கடல் கல்குடாவையும் பாசிக்குடாவையும் அடித்துக்கொண்டு போனது. யார் உயிரோடு இருக்கிறார், யார் எந்த முகாமில், எங்கே என்ன பொருள் தேவை என்று யாருக்கும் தெரியாத நாட்கள். கொழும்பில் லங்கா சொவ்ட்வெயர் பவுண்டேசனைச் சுற்றி இருந்த நிரலாளர்கள் சம்பளமில்லாமல் சில வாரங்களில் எழுதியதுதான் சஹானா. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு எல்லாம் அதற்குள் இருந்தன. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அது போனது. 2006இல் சமூக நன்மைக்கான திட்டம் என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருது பெற்றது. 2010இல் ஹெய்ட்டி வரை சென்றது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் முதல் சில வாரங்களின் தன்னார்வத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். சுவீடன் அரசின் சீடா நிறுவனம் தந்த நிதி, வேலைத்தலங்கள் தந்த ஆள்பலம், 2009இல் அதற்கென அமைந்த அறக்கட்டளை இல்லாவிட்டால் அது ஹெய்ட்டி வரை போயிருக்காது. ஒரு நிரல் பிறப்பதற்குத் தன்னார்வம் போதும். வாழ்வதற்குக் கூலி வேண்டும்.

கூலி என்றதும் முகம் சுளிப்பவர்கள் தமிழரில்தான் அதிகம் என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது. அவர்கள் தராதவர்கள் அல்லர், அள்ளித் தருகிறவர்கள். எங்கள் பகுதிப் பாடசாலைகளில் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் கட்டிய கட்டடமும் கொடுத்த கணினியும் ஏராளம். ஒரு சங்கத்தின் செயலாளரோடு, ரொறன்ரோவில் இருப்பவர், தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினேன்.

"தம்பி, பத்துக் கொம்பியூட்டர் எண்டா நாளைக்கே சரி. பேர் பதிச்ச பலகை ஒண்டு போட்டுப் படம் எடுத்து அனுப்புங்க, பொதுக்கூட்டத்தில காட்டலாம். ஒராளுக்கு மாசாமாசம் சம்பளம் எண்டா, ஏன் அவருக்கு எண்டு கேள்வி வரும்."

"அண்ணன், அந்தக் கொம்பியூட்டரில பிள்ளைகள் என்னத்தப் படிக்கிற?"

"அதப் பள்ளிக்கூடம் பாக்கும்தானே."

பள்ளிக்கூடம் பார்ப்பதில்லை. தமிழில் பாடம் இல்லாத கணினி உறை போட்டபடி இருக்கும். பிறகு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அவரிடம் நான் கோவில் திருவிழாவை எடுத்துச் சொன்னேன். மட்டக்களப்புக் கோவில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடிக்கோ ஒரு ஊருக்கோ உரியது. அந்த நாளின் பூ, எண்ணெய், அன்னதானம் எல்லாம் அவர்களின் உபயம். மேளகாரரின் கூலியும் அதற்குள் அடக்கம். ஏன் அவருக்குக் கூலி என்று எந்தப் பொதுக்கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை. மேளம் இல்லாமல் சுவாமி வெளிவீதி வராது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு மாதத்தை நீங்கள் எடுங்கள், அந்த மாதத்துப் பாடங்களின் தலைப்பில் சங்கத்தின் பெயர் இருக்கும், நிரலின் வெளியீட்டுக் குறிப்பிலும் இருக்கும், செலவுக் கணக்கு பகிரங்கமாக இருக்கும் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பிடி எண்டா எழுதி அனுப்புங்க, கூட்டத்தில வாசிக்கிறன்" என்றார். வாசித்தார். அந்தச் சங்கம் ஒரு மாதத்தை எடுத்தது. பிறகு சுவிஸில் ஒரு ஊர்ச் சங்கம் இன்னொரு மாதத்தை எடுத்தது. எல்லா மாதமும் நிரம்பவில்லை. நிரம்பாத மாதங்களுக்கு இப்போதும் ஹோட்டல்களுக்குப் போகிறேன்.

பாடங்களைப் பூட்டி, காசு கட்டினால்தான் திறக்கும் என்று வைக்கச் சொல்லிப் பலர் அறிவுரை தந்தார்கள். அதைச் செய்ய மாட்டேன். காசு கட்ட இயலாத பிள்ளைக்காகத்தான் அவை எழுதப்பட்டன. எழுதிய பாடமும் நிரலும் எல்லாருக்கும் திறந்தே இருக்கும். சனிக்கிழமை சந்தேகம் தீர்க்கும் நேரடி வகுப்புக்கு மட்டும் கட்டணம்; அது என் நேரத்தின் விலை.

இதில் நான் முன்மாதிரியாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் த. சீனிவாசனும் து. நித்யாவும் நண்பர்களும் 2012 முதல் நடத்தும் கணியம், 'எளிய தமிழில்' என்று தொழில்நுட்ப நூல்களை யாரும் எடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தோடு தருகிறது. கணியம் அறக்கட்டளை தன் வரவுசெலவைப் பொதுவில் வைப்பதைக் கொள்கையாகவே கொண்டிருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்க்கும் ஓப்பன் தமிழ் நிரலகம் எவரும் எடுத்தாளக் கிடக்கிறது. க. சர்வேஸ்வரன் உருவாக்கிய தமிழி உருபன் பகுப்பாய்வியும் அப்படியே. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடிக் காக்கிறது. புலம்பெயர்ந்தோர் தரும் காசு அங்கே வேலை செய்பவர்களின் கூலியாகவும் மாறுவதால்தான் அது இருபது ஆண்டாக நிற்கிறது.

காசு வாங்கினால் தன்னார்வம் செத்துவிடும் என்கிற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் தன்னார்வத்தைக் கொல்வது கடன். வீட்டில் அரிசிக்கு வழியில்லாத மாதத்தில் ஔகாரப் பிழையைத் திருத்தச் சொல்லி வருகிற மின்னஞ்சல் எரிச்சலைத்தான் தரும். கூலி கிடைத்த மாதத்தில் அதே மின்னஞ்சலுக்கு அன்றிரவே மறுமொழி எழுதியிருக்கிறேன்.

வெளிநாட்டில் ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ நடத்துகிறவர்களிடம் நேரே கேட்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஒரு விடயத்தைச் சேருங்கள்: தமிழில் நிரலோ பாடமோ எழுதிப் பொதுவில் விடுகிற ஒருவருக்கு ஒரு மாதக் கூலி. எனக்கே தர வேண்டும் என்றில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் போங்கள். இல்லாவிட்டால் கணியத்துக்கோ நூலகத்துக்கோ கொடுங்கள். கணக்குக் கேளுங்கள், வேலையைப் பாருங்கள், சரியாக இருந்தால் அடுத்த ஆண்டும் அதே மாதத்தை எடுங்கள். கணினி கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் பத்துக் கணினி கொடுக்கிற ஆண்டில் எட்டைக் கொடுத்து, மிச்சக் காசை அவற்றில் படிக்கப் பாடம் எழுதுகிறவருக்குக் கொடுங்கள்.